எங்க மதினி போட்ட நாலு மார்க்

போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு டாக்டர் முன்னால் எங்க மதினியோடு சண்டை போட்டேன். நல்ல சண்டை. ஜெயித்ததும் நான்தான்!

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். மார்க் விஷயத்தில் மகா கஞ்சம். அவரிடம் பத்துக்கு ஐந்து வாங்கிய பிள்ளையின் வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைப்பார்கள். ரிட்டயர் ஆன பிறகும் கை நிற்கவில்லை. ஊரே கொண்டாடும் பால்கோவாவுக்கு நாலு. வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்திக்கு மூணு. அண்ணனுக்கு... வேண்டாம், அவரும் இதை வாசிப்பார்.

மதினிக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. கட்டி போய்விட்டது, வலி போகவில்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை இழுக்கிறது. ஒருக்களித்துப் படுக்க முடியாமல் தூக்கமே போச்சு. கொடியில் துணி போடக் கையைத் தூக்கும்போது அவர் பல்லைக் கடிப்பதை நானே பார்த்தேன்.

டாக்டர் சின்னப் பெண், சிரித்த முகம். "வலி இல்லவே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. இப்ப எவ்வளவும்மா?" என்று கேட்டார்.

மதினி யோசித்தார். விடைத்தாள் திருத்துகிற அதே முகம்.

"நாலு."

பரவாயில்லையே என்று டாக்டர் பழைய மாத்திரையையே எழுத ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்குமா?

"செத்த நேரம் எழுதாதீங்க டாக்டர். எங்க மதினி நாலு போட்டா, மத்தவங்க கணக்குல அது எட்டு" என்றேன். பால்கோவா கதை, தூங்காத கதை, கொடிக்கயிற்றுக் கதை... எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். மதினி என்னை முறைத்த முறைப்பில் பழைய மாணவி யாராவது அங்கே இருந்திருந்தால் தானாகப் பெஞ்சு மேல் ஏறி நின்றிருப்பாள்.

டாக்டர் பேனாவை மூடினார். ஏன் குறைத்துச் சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இதுக்கே எட்டு, ஒம்பதுன்னு போட்டுட்டா, பொறவு பெரிய வலி வந்தா எதைப் போடுறது? மாத்திரையும் அப்படித்தான். பெருசை இப்பவே முழுங்கிட்டா, அப்ப எதும்மா கேக்கும்?"

இத்தனை நாளும் கஞ்சத்தனம் என்றுதானே நினைத்தேன்? மதினி பயந்துபோய் இருந்திருக்கிறார்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "டீச்சர், அது வேற பரீட்சை. அப்படி வந்தா அதுக்கும் மருந்து இருக்கு, நானும் இருக்கேன். நீங்க இன்னைக்கு உள்ள பேப்பரை மட்டும் திருத்துங்க."

மதினி ஜன்னலை விட்டு டாக்டர் பக்கம் திரும்பினார். பிறகு "ஏழு" என்றார். அப்புறம் மெல்ல, "ராத்திரியில... எட்டு."

மருந்து மாறியது. வலி வந்தபின் மாத்திரையைத் தேடாமல், சொன்ன நேரத்துக்குப் போட வேண்டுமாம். கைக்குப் பயிற்சியும் உண்டு. திரும்பும் பஸ்ஸில், "ஏட்டி, டாக்டர் முன்னால என் மானத்தை வாங்கிட்டியே" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பாட்டு.

யோசித்துப் பாருங்கள்... வீட்டுக்கு வருகிற விருந்தாளியிடம் சொல்கிற அதே "நல்லாத்தான் இருக்கேன்"ஐ டாக்டரிடமும் சொன்னால், பாவம், அவர் எதை வைத்து மருந்து எழுதுவார்?

நேற்று மதினியைப் பார்க்கப் போனேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கை மேலே... பல்லைக் கடிக்கவில்லை! ராத்திரி நன்றாகத் தூங்குகிறாராம்.

புது மாத்திரைக்கு எம்புட்டு மார்க் என்று கேட்டேன். ஆறு என்றார். பால்கோவாவை விட இரண்டு கூட!

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டு, எழுதியதை வாசித்தும் காட்டினேன். மதினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும்தான். பிறகு சொன்னார்: "நாலு."

மத்தவங்க கணக்கில் அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாதா என்ன!