சுழியத்துக்கு ஊற்றிய தண்ணீர்

குடிநீர் நிலையத்தில் அவளை எல்லோரும் லேப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்; தண்ணீரைச் சோதிக்கும் லேப் அவள் பொறுப்பு. ஐம்பத்திரண்டு வயது. கணவர் வெளியூரில் வேலை பார்த்தார், பிள்ளை இல்லை. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பகலில் அவரைக் கவனிக்க நான் போவேன். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். இரண்டு வருடம் அந்த வீட்டுக்குப் போனேன். அதில் ஒரு மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிந்தது அந்த மாதத்தில்.

அந்த மாதத் தொடக்கத்தில் நிலையத்துக்குப் புதிதாக ஒரு கருவி வந்தது. தண்ணீர் எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்று அளக்கும் மெஷின், ஒரு செருப்புப் பெட்டி அளவு. சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை ஊற்றி உள்ளே வைத்து மூடினால் ஒரு விளக்கு அதன் மேல் ஒளியைப் பாய்ச்சும். தண்ணீரில் மிதக்கும் தூசி அந்த ஒளியைச் சிதறடிக்கும். சிதறும் அளவை மெஷின் எண்ணாகக் காட்டும். எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் தண்ணீரை ஊருக்கு அனுப்பலாம். ஒன்றை நெருங்கினாலே வடிகட்டும் மணல் தொட்டியைக் கழுவிவிட வேண்டும்.

பெட்டியைப் பிரித்து மெஷினை அவளே எடுத்து வைத்தாள். ஜன்னல் வெயில் படாத மேசை, பம்ப் அதிர்வு எட்டாத சுவர் ஓரம். அரை மணி நேரம் சூடேற விட்டாள். குப்பியை நூல் உதிராத துணியால் துடைத்தாள். கண்ணாடிக் கீறல் தெரியாதிருக்க ஒரு சொட்டு எண்ணெய் தடவி மறுபடி துடைத்தாள். விரல் ரேகை பட்டாலே எண் மாறிவிடுமாம். அடுத்தது மெஷினுக்கு அளவு சொல்லிக்கொடுக்கும் வேலை. அதற்கென்று சீல் வைத்த நான்கு குப்பிகள் கூடவே வந்திருந்தன. மூன்றில் தெரிந்த அளவு கலங்கல், நான்காவதில் கலங்கலே இல்லாத தண்ணீர். 'இதுதான் சுழியம்' என்று மெஷினுக்குக் காட்டுவதற்கு அந்த நான்காவது குப்பி.

எண்ணெய்க் கையோடு அதை எடுத்தாள். அது நழுவிக் கை கழுவும் தொட்டியில் விழுந்து உடைந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து நாளில் வேறு குப்பி வந்திருக்கும். அவளால் முடியவில்லை. இருபத்தேழு வருட வேலையில் ஒரு கண்ணாடிக் குச்சியைக்கூட உடைக்காதவள். போன வருடம் மணல் தொட்டி ஆளான ஃபில்டர்காரர் கை தவறி ஒரு பீக்கரை உடைத்தபோது பத்துப் பேர் முன்னால் அவரை நிற்கவைத்துப் பேசியவள். காய்ச்சி வடித்த தண்ணீராவது இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். அதைத் தயாரிக்கும் சாதனம் ரிப்பேருக்குப் போயிருந்தது. கண்ணாடித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நிலையத்திலேயே வடிகட்டிய தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்தாள். நம் தண்ணீரைவிடச் சுத்தமானது வேறு எங்கே இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சுழியத்துக்கான பொத்தானை அழுத்தினாள்.

மெஷினுக்கு என்ன தெரியும்? காட்டியதை நம்பிக்கொண்டது. அன்றைய தண்ணீரில் உண்மையான கலங்கல் பூஜ்யம் புள்ளி ஏழு. அந்த அளவை அது அன்று முதல் எல்லாத் தண்ணீரிலும் கழித்துக்கொண்டே வந்தது.

மணல் தொட்டிகளைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டவர் ஃபில்டர்காரர். நான்காம் நாளே லேப் வாசலுக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, ரெண்டாம் தொட்டித் தண்ணி சரியில்ல. ஒரு தடவ வச்சுப் பாரேன்."

"ஜீரோ பாயிண்ட் மூணுண்ணே. கண்ணாடி மாதிரி இருக்கு."

"கண்ணாடியா? எனக்குப் பால் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரில்ல தெரியுது."

"மெஷினுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுண்ணே. நீங்க முதல்ல போய் உங்க கண்ணக் காட்டிட்டு வாங்க."

பக்கத்தில் நின்ற பம்ப் ஆட்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார். ஆனால் மறுநாள் யாரையும் கேட்காமல் தொட்டியைக் கழுவினார். ஒரு தொட்டியைக் கழுவ ஒரு தெருவே குடிக்கும் தண்ணீர் போகும். புள்ளி மூன்று காட்டும் தொட்டியை எதற்குக் கழுவினாய் என்று இன்ஜினியர் மெமோ கொடுத்தார். அடுத்த வாரம் மறுபடியும் கழுவினார். இந்தத் தடவை விசாரணை என்றார்கள். ஆற்றோர மோட்டார் கொட்டகைக்கு மாற்றிவிடப் போகிறார்கள் என்று பேச்சு.

வீட்டில் நானும் ஒரு நாள் சொன்னேன், "டம்ளர் அடியில ஏதோ படியுதும்மா."

"டம்ளரச் சரியாக் கழுவினீங்களா சிஸ்டர்?" என்றாள்.

முப்பத்துநான்கு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் மெஷின் வைத்திருப்பவள் சொல்கிறாளே என்று சும்மா இருந்துவிட்டேன். தண்ணீரைக் காய்ச்சாமலே பெரியவருக்குக் கொடுத்தேன். வார்டில் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். இரண்டாவது வாரம் அவருக்கு நான்கு நாள் வயிற்றுப்போக்கு. காரணம் தண்ணீர்தான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கண்ணால் கண்டதை விட்டுவிட்டு அடுத்தவர் வாயை நம்பியது என் தப்பு. அதை இங்கே எழுதாமல் விட்டால் அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சி வடிக்கும் சாதனம் ரிப்பேரிலிருந்து வந்தது. அதில் வடித்த தண்ணீரை மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலம் உடைகூட மாற்றாமல் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சிஸ்டர், மெஷின் மைனஸ் காட்டுது."

"அப்படின்னா?"

"ஒண்ணுமே இல்லாத தண்ணியவிட சுத்தமான தண்ணி உண்டா?"

"எனக்கெப்படித் தெரியும்? அப்பா இடுப்பப் பிடி, திருப்பணும்."

பிடித்தாள். நான் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு முடிப்பதற்குள் உடைந்த குப்பியிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஃபில்டர்காரர் மேல் விசாரணை. அவருக்கு எதிராக இருந்தது ஒரே சாட்சி, அவள் எழுதிய பதிவேடு.

"நாளைக்குச் சொல்லிடு," என்றேன்.

"எப்படி சிஸ்டர்? அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

சொன்னாள். பாதியைச் சொன்னாள்.

"மெஷின்ல ஒரு சின்னக் கோளாறு சார். மூணு வாரமா கம்மியாக் காட்டியிருக்கு. அண்ணன் சொன்னதுதான் சரி."

இன்ஜினியருக்கு அப்பாடா என்றாகிவிட்டது. "மெஷின்தானா! எழுதிக் குடுங்கம்மா, கம்பெனிக்காரன உண்டு இல்லன்னு ஆக்கிடலாம்." மெமோவைக் கிழித்தார். விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஃபில்டர்காரர் பிழைத்தார், அவளும் பிழைத்தாள்.

மத்தியானம் அவர் லேப்புக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"தங்கச்சி, நீ மட்டும் வாயத் திறக்கலன்னா நாளையிலேர்ந்து நான் ஆத்தோரம் உக்காந்து கொசு அடிச்சிட்டிருப்பேன்."

"விடுங்கண்ணே."

"இல்ல, கேளு. நீ கண்ணக் காட்டச் சொன்னல்ல? உண்மையிலேயே போனேன். ஒண்ணுமில்லன்னாங்க. நம்பிக்கை வரல. வேற ஒரு டாக்டர்கிட்டயும் போனேன். பத்தொம்பது வருஷமா பாத்த தண்ணி நமக்கே பிடிபடலையேன்னு மூணு வாரமா சரியா சாப்பிடல. வீட்ல என்ன பாத்து பயந்துட்டாங்க. மெஷின்தான் கெட்டிருக்குன்னு இன்னிக்குக் கேட்டதும்தான் உயிரே வந்துது."

அத்தோடு விட்டிருந்தால் அவர் சந்தோஷமாகப் போயிருப்பார். அவளுக்கும் நல்ல பெயர் மிஞ்சியிருக்கும். விசாரணையில் அத்தனை பேர் முன்னால் பட்ட வெட்கம் இந்த நன்றிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, உடம்பெல்லாம் கூசிவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"மெஷின் கெடலண்ணே," என்றாள். குப்பி உடைந்ததை, மறைத்ததை, எந்தத் தண்ணீரை ஊற்றினாள் என்பதை எல்லாம் சொன்னாள்.

அவர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் பீக்கர உடைச்சப்ப எத்தன பேர் இருந்தாங்க தெரியுமா?"

"பத்துப் பேர் இருக்கும்ணே."

"பதினாலு," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் இன்ஜினியரிடம் நடந்தது முழுவதையும் கடிதமாக எழுதிக் கொடுத்தாள். குப்பி உடைந்ததற்காக அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பெனிக்காரனைக் கண்டபடி திட்டி முந்தின நாளே கடிதம் அனுப்பிவிட்டதால் குதித்தார். மெஷினை அவளிடமிருந்து எடுத்துவிட்டார். ஆறு மாதம் தெருத் தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவர வேண்டும் என்று உத்தரவு. அதற்கு முன்னால் பதிவேட்டைத் திருத்த வேண்டும். மூன்று வாரம், நாளுக்கு மூன்று அளவு, மொத்தம் அறுபத்துமூன்று எண்கள். ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடித்து, சரியான எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'சுழியம் தவறாக வைக்கப்பட்டது, என் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சியாக மணல் தொட்டி ஆள் ஒருவர் ஒவ்வொரு வரியிலும் கையெழுத்திட வேண்டும்.

மணல் தொட்டிக்கு அவர் ஒருவர்தான் ஆள்.

லேப் மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். மொத்தமாக எழுதி வைத்துவிட்டுக் கூப்பிடட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் ஒரு வரி எழுதி நோட்டை அவர் பக்கம் திருப்புவாள். அவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டி, 'என் பிழை' வரைக்கும் படிப்பார். கையெழுத்துப் போட்டுத் திருப்புவார். பம்ப் ஆட்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாற்பதாவது வரியோ என்னவோ, அவர் விரல் நின்றது.

"இது மழ பேஞ்ச அன்னிக்கா?"

"ஆமாண்ணே."

"ஜீரோ பாயிண்ட் அஞ்சுன்னு எழுதியிருந்திருக்க. இப்ப ஒண்ணு புள்ளி ரெண்டு."

"ஆமா."

"அன்னிக்குத் தண்ணிய நிறுத்தணும்னு நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"நீ என்ன சொன்ன?"

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "வயசானா வீட்ல உக்காரணும்னு சொன்னேண்ணே."

அவர் கையெழுத்தைப் போட்டு, மை காயும்வரை ஊதிவிட்டு, நோட்டைத் திருப்பித் தள்ளினார்.

"அடுத்தத எழுது," என்றார்.