ஷெட்டில் படுத்திருந்த வீடு

கிளெமென்ட்டின் டெம்போ வருஷக்கணக்கில் மழையில் நின்றது. ஷெட் இல்லாமல் இல்லை. பெங்களூர் ஈஜிபுராவில் வீட்டை ஒட்டி, டெம்போவுக்கென்றே அவன் தகரம் போட்டுக் கட்டிய ஷெட் இருந்தது. அதற்குள் அவன் அக்கா ஐரினின் வீடு படுத்திருந்தது. மழைக்காலம் வந்தால் வண்டியின் வயரெல்லாம் ஈரம் குடித்து ஸ்டார்ட் ஆகாது. கதவின் அடிப்பக்கத்தைத் துரு தின்றுவிட்டது. கிளெமென்ட் ஷெட்டைப் பார்த்துக் காறித் துப்புவான். அக்காவிடமே கேட்டால், “உன் டெம்போ இன்னா கைக்கொழந்தையா, நனைஞ்சா சளி புடிக்க?” என்பாள்.

ஐரின் ஜன்னல் திரை தைப்பவள். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கத்துத் துணிக்கடை ஒன்று பங்களா பங்களாவாக அனுப்பும். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய் அளவெடுத்து வருவாள். புருஷன் குவைத்துக்குப் போனவன் போனவன்தான். அவள் இருந்தது கிளெமென்ட் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில். ஊர் ஜன்னலுக்கெல்லாம் துணி தைத்தவளின் அறையில் ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூஞ்சியில் இடிக்கும்.

எல்லாரும் இடம் வாங்குவார்கள், சுவர் எழுப்புவார்கள், ஜன்னல் வைப்பார்கள், கடைசியில் திரை போடுவார்கள். ஐரின் திரையிலிருந்து ஆரம்பித்தாள். கடையில் மிஞ்சிய நல்ல துணிகளை வாங்கி, இல்லாத வீட்டுக்குத் திரை தைத்துப் பெட்டியில் அடுக்கினாள். அப்புறம் அந்தத் திரைகளுக்கு ஜன்னல் தேடினாள்.

அதற்கு வசதியாகத்தான் ஊரும் இருந்தது. தொண்ணூறுகளில் கன்டோன்மென்ட் பக்கம் பழைய பங்களாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. கிளெமென்ட்டுக்கு இடிசல் ஏற்றுகிற வேலை. ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர்கள் அம்மா ஆயாவாக இருந்த பங்களாவும் ஒரு நாள் விழுந்தது. அக்காவும் தம்பியும் அந்த வீட்டின் அவுட்ஹவுஸில் பிறந்தவர்கள். முன்வாசல் வழியாக ஒரு நாளும் நுழைந்ததில்லை. நுழைந்தால் அம்மாவே முதுகில் வைப்பாள். அந்த முன்வாசல் தேக்குக் கதவு, வாசக்காலோடு பெயர்த்துப் போட்டபடி மண்ணில் கிடந்தது. ஐரின் வேலையை விட்டுவிட்டு வந்து அதன் பக்கத்தில் நின்றாள்.

“இத ஏத்துடா.”

“எங்க வைக்க?”

“உன் ஷெட்ல. கொஞ்ச நாளைக்குத்தான்.”

அந்தக் கொஞ்ச நாளில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள் வந்தன. வாசலுக்கு மேலே கூரான முக்காடு மாதிரி மரச்சட்டம் அடித்திருக்குமே, மங்கி டாப், அது வந்தது. சிங்கக் கால் வைத்த இரும்புக் குளியல் தொட்டி வந்தது. மூடிப்போன பேக்கரியின் கண்ணாடி அலமாரி, மாதா கோயிலில் புதுசு போட்டபோது கழித்த பெஞ்சு, மல்லேஸ்வரத்து ஐயர் வீட்டு ஊஞ்சல் பலகை, இடிந்த தியேட்டரிலிருந்து ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டு சீட்டு. எல்லாம் வந்தது கிளெமென்ட்டின் டெம்போவில்தான். தன்னைத் தெருவில் நிறுத்தியதை அந்த வண்டியே சுமந்து வந்தது. அவனுக்கு வயிறு எரிந்ததில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையும் சாப்பாடும் முடிந்ததும், டெம்போவைத் தெருவுக்குத் தள்ளச் சொல்லிவிட்டு, ஷெட்டுக்கு முன்னால் சிமென்ட் தரையில் தையல் சாக்கட்டியால் கோடு போடுவாள்.

“இது வாசப்படி. செருப்ப கழட்டிட்டு வா.”

“கோட்டுக்கா?”

“கழட்டுடா.”

கழற்றுவான். கோட்டைத் தாண்டினால் ஹால். தரை சிவப்புச் சிமென்ட். கால் வைத்தால் முகம் தெரிகிற மாதிரி. தெற்கே கோயில் பெஞ்சு, வடக்கே தியேட்டர் சீட்டு, நடுவில் ஊஞ்சல். கிளெமென்ட்டின் மனைவி ஜோசஃபின் முறத்தோடு வந்து நின்று பார்ப்பாள்.

“அண்ணி, ஒரு பக்கம் கோயிலு, ஒரு பக்கம் சினிமா. ஜெபம் பண்றவங்க எங்க உக்காரணும்?”

“இன்டர்வல்ல மாறி உக்காரலாம் வா.”

“அந்தத் தொட்டில குளிக்கத் தண்ணி? இங்க கொழாயில பாம்பு மாதிரி சத்தந்தான் வருது.”

“துணி ஊற வைக்கிறேன். உனக்கின்னா?”

ஒரு தடவை சவரக்கடை நாற்காலி ஒன்றை வாங்கி வந்தாள். தலை சாய்க்கிற கட்டையும் கால் வைக்கிற இரும்பும் உள்ளது. “இது வராண்டாவுக்கு. உனக்குத்தான். முதுகுவலிக்காரன் வந்து சாயணும் இல்ல” என்றாள்.  அன்றைக்கு மட்டும் கிளெமென்ட் ஷெட்டைப் பார்த்துத் துப்பவில்லை.

கோடுகள் சனிக்கிழமை வரை நிற்காது. டெம்போவின் டயர் முதலில் ஹாலை அழிக்கும். மழை மிச்சத்தை.

வாங்கியது போக மிஞ்சிய காசுக்கு ஒரு மனை கிடைத்தது. சந்தாபுராவைத் தாண்டி, முகப்பில் வளைவெல்லாம் கட்டி, புது லேஅவுட். பக்கத்தில் விசாரித்த இடங்களைவிட ரொம்ப சல்லிசு. ஏன் சல்லிசு என்று ஐரின் கேட்கவில்லை. நல்ல இடத்துக்குப் போக வேண்டியதைக் கதவும் ஜன்னலும் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தன. மேஸ்திரி அர்ஜுனன் வந்து ஷெட்டில் உள்ளதையெல்லாம் அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அக்கா, இத்தன ஜன்னலயும் வச்சா செவுத்துக்கு எடம் இல்ல.”

“அப்ப செவுரு வேணாம்.”

“கூர எது மேல நிக்கும்?”

“கர்ட்டன் மேல நிறுத்து” என்றாள். அர்ஜுனன் சிரித்துவிட்டு அடித்தளம் போட்டான்.

வாசக்கால் வைக்க நாள் பார்த்தார்கள். இரண்டாயிரத்து ஒன்றில், ஈஸ்டர் முடிந்த வாரம். ஐரின் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, பாட்டிலில் புனித நீரும் ஒரு முழம் மல்லிகையும் எடுத்துக்கொண்டு, டெம்போவின் பின்னால் கதவைப் பிடித்தபடியே உட்கார்ந்து வந்தாள். முன்னால் வா என்று கிளெமென்ட் சொன்னதற்கு, “நான் புடிக்கலன்னா ஆடும்” என்றாள். ஓசூர் ரோடு பூராவும் லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்: மல்லிகை சுற்றிய ஒரு கதவு, அதைக் கட்டிக்கொண்டு ஒரு பொம்பளை.

போய்ச் சேர்ந்தபோது முகப்பு வளைவு இல்லை. ஜே.சி.பி. ஒன்று அடித்தளங்களை வரிசையாகக் கிண்டிக்கொண்டிருந்தது. போலீஸ் நின்றது. அர்ஜுனன் கரணையைக் கையில் வைத்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தான். அது மாடு மேய்கிற அரசாங்க நிலமாம், விற்கவே கூடாததாம். விற்றவன் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போய் ஒரு வாரமாகிறதாம். ஐரின் கைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினாள். அதிகாரி வாங்கிப் பார்த்தார். கெட்டவர் இல்லை, திருப்பிக் கொடுக்கும்போது அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். “இது கோமாளாம்மா. ஏனூ மாடக்காகல்ல” என்றார். மேய்ச்சல் நிலம், ஒன்றும் செய்ய முடியாது.

அர்ஜுனன் எழுந்து வந்து கதவைக் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தான்.

“எறக்காத” என்றாள் ஐரின்.

திரும்பும்போது அவள் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் கதவு தன் பாட்டுக்கு ஆடியது. மடியில் புனித நீர் பாட்டில். சில்க் போர்டு நெரிசலில் வண்டி நின்றபோது, “தாகமா கீது” என்று மூடியைத் திருகி அதை முழுக்கக் குடித்துவிட்டாள். கிளெமென்ட் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் அவள் கோடு போடவில்லை. ஊரார் ஜன்னலுக்குத் தைத்துக்கொண்டுதான் இருந்தாள். கோயில் பெஞ்சில் கரையான் ஏறியது. தொட்டிக்குள் பூனை குட்டி போட்டது. டெம்போ மழையில் நின்றது. அப்போது ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள். அதனாலேயே அவன் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து வயிற்றில் கட்டி என்றார்கள். திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பினார்கள். அவள் படுத்த கொஞ்ச நாளில், இந்திராநகரில் பார் திறக்கப்போகிற ஒருவன் எப்படியோ மோப்பம் பிடித்து வந்தான். பழைய பெங்களூர் மாதிரி ஜோடிக்கப் போகிறானாம். மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றான். கிளெமென்ட் அக்காவிடம் சொன்னான்.

“தொட்டிய இன்னா பண்ணுவானாம்?”

“ஐஸ் போட்டு பீர் பாட்டில் வைப்பானாம்.”

“கதவு?”

“பாத்ரூமுக்காம்.”

ஐரின் சிரிக்கப் பார்த்தாள். வலி விடவில்லை.

ஜூன் மாதம், மத்தியான நேரம். மழை தகரத்தில் கொட்டியது. கட்டிலுக்குப் பக்கத்தில் சவரக்கடை நாற்காலியைப் போட்டு கிளெமென்ட் உட்கார்ந்திருந்தான். இரவும் பகலும் காவல் இருக்க முதுகு கேட்கவில்லை என்று அவனே ஷெட்டிலிருந்து தூக்கி வந்தது. அவன் சொன்னான்:

“அக்கா, அர்ஜுனன வரச் சொல்றேன். அந்த வாசக்கால ஷெட்டு முன்னால நிறுத்திடலாம். ஒரு நாள் வேல. உன்ன அது வழியா கூட்டினு…”

“தூக்கினுன்னு சொல்லு.”

அவன் போர்வையை அவள் கால் வரை இழுத்துவிட்டான்.

“வெளிய போறதுக்கு எதுக்குடா கதவு? உள்ள போறதுக்கு வாங்கனது அது.”

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். தூங்கிவிட்டாள் என்று அவன் நினைத்தான்.

“கிளெமு.”

“ம்.”

“வண்டி நனையுது.”

“நனையட்டும். இன்னா புதுசா?”

“விறகு மண்டிக்காரன வரச் சொல்லு. எல்லாத்தையும் ஏத்திடு. பாருக்குக் குடுக்காத. கர்ட்டன ஜோசஃபின எடுத்துக்கச் சொல்லு, தொடைக்க ஆவும்.”

“சரி, தூங்குக்கா. அப்பறம் பாக்கலாம்.”

“அப்பறம் இல்ல. நான் பாக்கணும்.” மூச்சு வாங்கியது. அவன் எழுந்து கதவருகே போய் நின்றான். வெளியே டெம்போவின் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஐரின் அவனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

“போ. வண்டிய உள்ள வுடு.”