ஒன்பதாம் மாதத்துக் கட்டம்

எட்டு நாளாக என் மேசை மேல் ஒரு தாயி கார்டு கிடக்கிறது. கர்ப்பம் பதிவான நாள் முதல் பிள்ளைக்குக் கடைசி ஊசி போடும் நாள் வரை எல்லாவற்றையும் எழுதிவைக்க அரசாங்கம் கொடுக்கிற கார்டு. இதன் சொந்தக்காரி இதைப் புடவைக்கடை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஓரத்தை மடித்து, ரப்பர் பேண்ட் மாட்டி வைத்திருந்தாள். ஐந்து வருஷத்துக்கு மேலாகியும் ஒரு மூலைகூட மடங்கவில்லை. உள்ளே தடுப்பூசிப் பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள். ஒன்பதாம் மாதத்துக் கட்டத்தில் நீல மையில் ஒரு டிக், பக்கத்தில் ஒரு தேதி. இரண்டும் என் கைதான்.

ஊரிகம் பக்கத்தில், கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடுகளுக்கு நான்தான் நர்ஸ். எல்லோருக்கும் சிஸ்டர். என் அப்பா மைசூர் மைன்ஸில் டிரில் பிடித்தவர். பூமிக்கடியில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவர் காது மந்தமாகிவிட்டது. அவருக்குக் கேட்க வேண்டுமென்று கத்திப் பேசியே வளர்ந்த வாய் எனக்கு. நான் தெருமுனையில் பேசினால் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். எதிராளி பேசி முடிப்பதற்குள் நானே அவர் பேச்சையும் முடித்து வைத்துவிடுவேன். இந்த வாய்க்குப் பயந்துதான் வியாழக்கிழமை தவறாமல் அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கடைசி வீட்டு மருமகள் அப்படிப் பயந்து வருகிறவள் இல்லை. ஏழாம் மாத வயிற்றோடு, கையில் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு தானாகவே வந்தாள். பெங்களூரில் ஒரு துணிக்கடை கவுண்டரில் வேலை. விடியற்காலை ரயில், இருட்டின பிறகு வீடு. வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு. பிறக்கப் போகிற தேதியை வைத்து, ஆறு வாரம், பத்து வாரம், பதினாலு வாரம், ஒன்பது மாதம் என்று ஒவ்வொரு ஊசிக்கும் காலண்டரில் வட்டம் போட்டிருந்தாள். "இன்னாம்மா, புள்ள வெளிய வர்றதுக்குள்ள அதுக்கு டைம் டேபிளே போட்டுட்டியா?" என்று கேலி செய்தேன். அவள் சிரித்துவிட்டு ஒரு பையைக் கவிழ்த்தாள். தெர்மாமீட்டர், நகவெட்டி, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன வேட்டியில் கிழித்த துணிகள், பிள்ளைக்குத் தைத்த பருத்திச் சட்டைகள். தொப்புள்கொடியில் பவுடர் போடலாமா, வெயில் காலத்தில் தண்ணீர் புகட்டலாமா, ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தேய்க்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதுவும் போடாதே, ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுக்கூட வேண்டாம், தேய்க்கவே தேய்க்காதே, காய்ச்சல் வந்தால் நாங்கள் கொடுக்கிற மருந்தை எடைக்குத் தகுந்தபடி கொடு, ஈரத்துணியால் துடை என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவளைப் போல் திட்டம் போட்ட தாயை நான் பார்த்ததில்லை.

பிரசவம் தாய்வீட்டில், குடியாத்தத்தில். பெண் குழந்தை. முதல் மூன்று தவணையும் அங்கேயே ஆயிற்று. அங்கே புதன்கிழமை ஊசி, இங்கே வியாழக்கிழமை. ஐந்தாம் மாதம் திரும்பி வந்தபோது தமிழில் எழுதின அந்த ஊர்க் கார்டையும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு தேதியாகப் பார்த்து இந்தக் கார்டில் ஏற்றினேன். எப்படிச் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பிள்ளைக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, அதை மாமியாரிடம் விட்டு மறுபடி வேலைக்குப் போனாள். எட்டாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, லைன் குழாயடியில் நான் நின்றிருந்தபோது வந்து கேட்டாள். "ஒம்போதாம் மாசத்து ஊசிய செவ்வாக்கெழமையில போட முடியுமா சிஸ்டர்? எங்க அத்த தூக்கினு வர மாட்டேன்றாங்க. ஊசி போட்டா ஜுரம் வரும், ஒண்டியா எப்பிடி பாத்துக்கறதுன்னு பயப்படறாங்க. நான் லீவு போட்டா..."

அவளை முடிக்க விட்டேனா? "லீவு போட்டா கடைய இழுத்து மூடிடுவாங்களா? நீ சொல்ற கெழமைக்கெல்லாம் பொட்டிய தூக்கினு நான் வரணுமா? புள்ள உன்னுதா என்னுதா?" என்று கத்தினேன். குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமையும் போடுவார்கள், அங்கே கொண்டுபோ என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அது என் தொண்டை வரைக்கும்கூட வரவில்லை. திட்டுகிற சுவாரசியத்தில் மறந்துபோனேன். முகம் சிவந்து அவள் போய்விட்டாள்.

பொங்கல் கழிந்து, மாதக் கடைசியில் பட்டியல் அனுப்பும் நேரம். ஊசி பாக்கியுள்ள பிள்ளைகளில் எல்லாப் பேரையும் அடித்தாகிவிட்டது, அவள் பிள்ளை பேர் மட்டும் நின்றது. செவ்வாய்க்கிழமை பார்த்து அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவருகில் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒம்போதாம் மாசத்து ஊசி இன்னா ஆச்சு?"

"அது சிஸ்டர், எங்கம்மா ஊட்டுக்கு..."

"பொங்கலுக்குப் போனியே, அங்கயே போட்டுட்டு வந்துட்டியா?"

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"அந்த ஊர்க் கார்டு எங்க?"

"அங்கயே வச்சிட்டு வந்துட்டேன் சிஸ்டர்."

அந்தப் பொய்க்கு அவள் கொடுத்தது ஒரு தலையாட்டல் மட்டும்தான். மற்றதெல்லாம் நான் கொடுத்தது. பொங்கல் வாரத்துப் புதன்கிழமை எந்தத் தேதி என்று நானே கணக்குப் போட்டேன், நானே எழுதினேன், நானே டிக் அடித்தேன். எழுதும்போது அவள் கண் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது. கார்டைக் காட்டினால்தான் எழுதுவேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பட்டியல் முடிந்த நிம்மதியில், கார்டைப் பத்திரமாக வை என்று எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளைக்குப் பதினாலு மாதம் இருக்கும்போது லைனில் தட்டம்மை வந்தது. அந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல், கண் சிவப்பு, மறுநாள் உடம்பெல்லாம் தடிப்பு. மாமியார் அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டினார். அதையும் மீறி இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனாள், மாமியாரும் கூடவே போனார். டாக்டர் கார்டைப் பார்த்தார். ஒன்பதாம் மாதத்தில் போடுகிற தட்டம்மை ஊசி போட்டதாக எழுதியிருந்தது. அப்படியென்றால் இது வேறு ஏதோ காய்ச்சல், பயப்படாதீர்கள் என்று சாதாரண மருந்து எழுதி அனுப்பிவிட்டார். பக்கத்தில் மாமியார் நிற்க, இவளுக்கு வாய் திறக்கத் துணிவில்லை. இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் பிள்ளை மூச்சுக்குத் தவிக்க, கோலாருக்குக் கொண்டு ஓடினார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என் காதருகில் வந்து சொன்னாள். "போடல சிஸ்டர். பொங்கலுன்னு அந்த வாரம் அங்க ஊசியே இல்ல. அடுத்த மாசம் புள்ளைய அம்மாகிட்ட ஒரு வாரம் வுட்டு அங்க போட்டுக்கலாம்னு இருந்தேன். அம்மா கால ஒடச்சுக்கினாங்க. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு..." அன்றைக்கு மட்டும் நான் அவள் வாக்கியத்தை முடித்து வைக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகும் அப்படியே வாயை அடக்கியிருக்கலாம்.

பிள்ளை பிழைத்தது. ஆனால் காதில் சீழ் வைத்து, இடது காது போய்விட்டது, வலது காதிலும் பாதிதான் கேட்கும் என்று சொன்னார்கள். தட்டம்மை வந்த வீடுகளை விசாரிக்க மேலதிகாரி வந்தார். குடியாத்தத்துப் பதிவேட்டில் இந்த ஊசி இல்லை என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அந்த வீட்டு வாசலில் நின்று கார்டை என்னிடம் நீட்டி, ஊசி போடாத பிள்ளைக்கு எப்படி டிக் வந்தது என்று கேட்டார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். "அந்தப் பொண்ணு போட்டாச்சுன்னு சொன்னா சார், அத நம்பி எழுதினேன்" என்றேன். என் குரல்தான் தெரியுமே. உள்ளே இருந்த மாமியாருக்குக் கேட்டது, அடுத்த வீட்டுக்குக் கேட்டது, லைன் முழுக்கக் கேட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பொய்க்காரி. பொய் சொல்லிப் பிள்ளையின் காதைக் கெடுத்தவள். அவள் வேலைக்குப் போவதும் அன்றோடு நின்றது. அவள் சமைத்ததைச் சாப்பிடுவார்கள், அவள் சொல்வதை நம்ப மாட்டார்கள். பிள்ளைக்கு மருந்து கொடுத்தேன் என்றால், பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாமியார் வைப்பாராம். இதெல்லாம் அக்கம்பக்கத்தார் சொல்லி எனக்குத் தெரியும். எனக்கு ஒரு மெமோ வந்தது, பதில் எழுதினேன், முடிந்துபோயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் நான் சொன்ன நாளில் வந்தாள். கார்டை நீட்டுவாள், வாங்கிக்கொள்வாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

போன வாரம் வியாழக்கிழமை ஐந்து வயது ஊசிக்கு வந்திருந்தாள். வரிசையில் கடைசி ஆள். பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அது திரும்பவில்லை. அம்மா தோளைத் தொட்டதும் வலது பக்கமாகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. என் அப்பாவும் அப்படித்தான் திரும்புவார். எனக்குத் தாங்கவில்லை. ஊசி போட்டு முடித்ததும் கார்டில் ஒன்பதாம் மாதத்துக் கட்டத்தைத் தேடி, டிக்கின் மேல் குறுக்கே கோடு போட்டேன். "ஊசி போடவில்லை. கார்டைப் பார்க்காமல் எழுதியது என் தவறு" என்று கன்னடத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவளிடம் நீட்டினேன். அவள் மன்னிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அவள் நிதானமாகப் படித்தாள். நாலு வருஷம் கழித்து அவள் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"இத எழுதி இன்னா சிஸ்டர் ஆவப்போவுது? எங்க அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அன்னிக்கு வாயாலதான சொன்னீங்க? ஊட்டுக்கு வந்து வாயால சொல்லுங்க. லைனுக்கே கேக்கற மாதிரி சொல்லுங்க." கார்டை உறைக்குள் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, மறுபடி என் மேசையிலேயே வைத்தாள். "வர்றப்ப கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் வலது காது தன் பக்கம் வரும்படி அதை இடது கைப்பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த எட்டு நாளில் அந்த லைனுக்கு மூன்று தடவை போய்வந்தேன். கடைசி வீட்டுக்கு முந்தின வீடு வரைக்கும் போனேன். மாமியார் வாசலில்தான் இருந்தார், என்னைப் பார்த்து "வாங்க சிஸ்டர்" என்றுகூடக் கூப்பிட்டார். தெருமுனையில் பேசினால் கடைசி வீட்டுக்குக் கேட்கிற எனக்கு, ஒரு வீடு தள்ளி நின்று குரல் வரவில்லை. நடந்ததை எல்லாம் ஒன்றும் மறைக்காமல் இங்கே எழுதிவிட்டேன். எழுதுவது எனக்கு என்றைக்கும் சுலபமாகத்தான் இருந்திருக்கிறது. கார்டு இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது.