வீட்டுக்காரருக்கு வைத்த பரீட்சை

அந்த விமானக் கம்பெனியின் பைலட்டுகள் முதுகுக்குப் பின்னால் அவளைக் 'கரண்ட் கட் மேடம்' என்றுதான் சொல்வார்கள். வேலை அப்படி. ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கூடத்தில், இரும்புக் கால்களின் மேல் நின்று ஆடும் போலி விமானி அறைக்குள் அவர்களை உட்காரவைத்து, எல்லாம் தானாக ஓடிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து ஆட்டோபைலட்டை அணைத்துவிடுவாள். அதன் பிறகு கையால் ஓட்டிப் பத்திரமாக இறக்கினால் பாஸ்.

ஒரு நாள் வருடாந்தரப் பரீட்சைக்கு வந்து நின்றவர் அவள் கணவர். அவருக்கு வைக்க வேண்டிய பரிசோதகர் முதுகுவலியில் படுத்துவிட்டார்.

"சொந்த வீட்டுக்காரருக்கு நானே மார்க் போடறதா? நல்லாவா இருக்கும் சார்?" என்று பயிற்சித் தலைவரிடம் போய்க் கேட்டாள்.

"உங்க பாதுகாப்பை நீங்களே பார்த்துக்குங்கன்னு அரசாங்கமே விட்டுடுச்சும்மா. கம்பெனியே தன்னைத்தானே சோதிச்சுக்குது. நீங்க புருஷனைச் சோதிச்சா என்ன குடிமுழுகிடும்?"

கணவர் படியேறும்போதே அவள் காதோரம் குனிந்தார். "கொஞ்சம் பார்த்துப் போடு."

"பார்க்கத்தானே சம்பளம் தர்றாங்க?"

திரையில் ஓடுபாதை தெரிந்ததும் பக்கவாட்டுக் காற்றை ஏற்றிவிட்டு ஆட்டோபைலட்டை அணைத்தாள். அவர் அதே பொத்தானை மறுபடி அமுக்கினார். லிஃப்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"ஆன் ஆக மாட்டேங்குதே!"

"ஆகாது. நீங்கதான் ஓட்டணும்."

ஓட்டினார். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, புல்வெளியில் இறங்கி, திரை சிவந்து நின்றது.

"பொம்மை விமானம்தானே," என்றார் வியர்வையைத் துடைத்தபடி.

"அதனாலதான் இன்னும் பேசிக்கிட்டிருக்கீங்க."

இத்தனை வருஷமாக மெஷினே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதில் மனுஷருக்குக் கை மறந்துபோயிருந்தது. தலைவரோ, "இப்போதைக்கு பாஸ்னு போடுங்க, அப்புறம் பயிற்சி குடுத்துக்கலாம். ஆளே பத்தலை," என்று இழுத்தார். அவள் ஃபெயில் என்றே கையெழுத்துப் போட்டாள். மறுபரீட்சை வைக்க வெளியாள்தான் வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, அதையும் சாதித்தாள்.

வீட்டில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நியாயம் கேட்கத் தன் அம்மாவுக்கே ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"உன் மருமக என்னை ஃபெயில் பண்ணிட்டாம்மா. இப்போதைக்கு விமானத்தைத் தொடக்கூடாதாம்."

"அப்படியா? அடுத்த வாரம் உங்க கம்பெனி பிளேன்லதான்டா வரேன். நீ ஓட்ட மாட்டல்ல? நிச்சயமா?"

அவள் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே போலி விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். அவள் காற்றடிக்கவிட்டாள், மழை பெய்யவிட்டாள், என்ஜினை நிறுத்தினாள். அவர் வாய்க்குள் அவளைத் திட்டிக்கொண்டே பழகினார். வெளியிலிருந்து வந்த பரிசோதகர் சிரிக்கவே தெரியாத ஆள். அவரிடம் தட்டுத்தடுமாறிப் பாஸானார்.

இப்போது வானம் தெளிவாக இருந்தால் அவரே கையால் இறக்குகிறார். அதில் ஒரே தொல்லை, வீட்டுக்கு வந்ததும் கரண்டியை விமானமாக்கி, ஒவ்வொரு இறக்கத்தையும் மேஜைமேல் நடித்துக் காட்டுகிறார். அவள் தட்டில் சாப்பாடு ஆறிப்போகிறது.