சுகம் என்று சொன்ன போன்

போன வாரம் புதன்கிழமை காலை. என் செல்போனில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. பக்கத்திலேயே எழுத்து – 'வைகுண்டமணி, சுகம்.'

நான் நிம்மதியாக டீ குடித்தேன்.

அதே நேரத்தில் வைகுண்டமணி அண்ணாச்சி தன் வீட்டுக் குளியலறைத் தரையில், இடுப்பெலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மதில்சுவர்தான் இருந்தது.

அப்படியானால் சுகம் என்று சொன்னது யார்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அண்ணாச்சி கன்னியாகுமரி பக்கத்துக் கொட்டாரத்தில் எனக்குப் பக்கத்து வீடு. எழுபதைத் தாண்டியவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் அபிஷா பெங்களூரில் ஒரு பெரிய – மிகப் பெரிய – டெக்னாலஜி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பாவை அங்கே வரச் சொல்லிக் கெஞ்சாத நாளில்லை. "அங்க வந்து நான் என்ன செய்யதுக்கு? தோப்ப யாரு பாப்பா?" என்று அவர் போனை வைத்துவிடுவார்.

அவள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டாம். வருடத்தில் இரண்டு நாள் எல்லோரும் அவரவர் வேலையை ஓரமாக வைத்துவிடலாம். மனதில் ஏதாவது யோசனை இருந்தால், அரையும் குறையுமாகவாவது செய்து காட்டலாம். மேனேஜரின் அனுமதி தேவையில்லை. அபிஷா தன் அப்பாவை நினைத்து ஒரு ஆப் செய்தாள்.

விஷயம் எளிது. தனியாக இருக்கும் பெரியவர்கள் காலை ஏழு மணிக்குள் போனை எடுத்து 'சுகம்' என்ற பட்டனை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் போன் கூப்பிடும். அதற்கும் அசைவில்லை என்றால் அலாரம். யாருக்கு? எங்கோ துபாயிலோ பெங்களூரிலோ இருக்கும் பிள்ளைக்கு அல்ல... பக்கத்து வீட்டுக்காரருக்கு.

"மகனுக்குத் தகவல் போய் என்ன பிரயோஜனம் மாமா? அவன் அங்க இருந்து அழத்தான் செய்வான். ஓடி வரது நீங்கதான" என்றாள் என்னிடம். யோசனையின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. கம்பெனிக்காரர்களும் அதில்தான் விழுந்தார்கள்.

குவிந்து கிடந்த யோசனைகளில் சிலவற்றை மட்டும் பொறுக்கினார்கள். அதில் இவளுடையதும் ஒன்று. இரண்டு சக ஊழியர்கள், சில மாத அவகாசம், கொஞ்சம் பணம். சந்தோஷம்தானே? இல்லை, கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்கள். 'என்ன நடந்தால் இதை மூடிவிடலாம்?' என்று அவளே எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை பிறப்பதற்கு முன்பே, எப்போது தூக்கிப் போடலாம் என்று தாயிடம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

கேட்கும்போது கொடுமையாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம். பின்னால் போகப் போக பாசம் கூடிவிடும், கண்ணை மறைத்துவிடும்.

அபிஷா யோசித்து எழுதினாள். பொய் அலாரம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மூடிவிடலாம். அதுவும் சரிதான். 'புலி வருது' கதை நமக்குத் தெரியாததா? நாலு தடவை வெறுமனே ஓடி வந்தவன் ஐந்தாவது தடவை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வான்.

சோதனைக்கு அவள் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் தெரு. தெரிந்த ஜனம், ஒத்துழைப்பார்கள் என்று நினைத்தாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஆரம்பமே அமர்க்களம். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை அலாரம் அலறியது. அண்ணாச்சி வீடு பூட்டியிருந்தது. தெருவே கூடிவிட்டது. ஒருவர் கடப்பாரையோடு கதவை நெருங்கும்போது, நெற்றியில் நாமமும் தலையில் தலைப்பாகையுமாக அண்ணாச்சி தெருமுனையில் திரும்பி வருகிறார். அய்யாவழிக் கோயிலான நிழல்தாங்கலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடைக்குப் போனவர் போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஏலே, எவம்லே செத்தான்?" என்று எங்களையே கேட்டார்.

அடுத்தது மைமூன் அக்கா. மூன்று வீடு தள்ளி இருக்கிறார். மகன்கள் இருவரும் வளைகுடாவில். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தபோது கேம் விளையாடிக் கெடுத்துவிடுவார்கள் என்று போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதற்கும் ஓடினோம்.

நடுவில் அபிஷாவும் அந்த இரண்டு ஊழியர்களும் தெருவைப் பார்க்க வந்தார்கள். வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் கடல் காட்டினோம். வீடு வீடாக ஆப் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான், "நல்லா இருக்கு மக்கா." கூடவே தட்டில் நேந்திரன் சிப்ஸ். குறை என்று ஒரு சொல் யாரும் சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளை செய்ததைக் குறை சொல்வார்களா?

அவர்கள் திரும்பிய பிறகும் பொய் அலாரங்கள் நிற்கவில்லை. இன்னும் ஒன்று வந்தால் கணக்கு முடிந்தது என்ற நிலை. அபிஷா இதை அப்பாவிடம் ஒருநாள் சொல்லி அழுதிருக்கிறாள்.

அதன்பிறகு... அதிசயம். மூன்று வாரமாக ஒரு அலாரம்கூட இல்லை. தினமும் ஏழு மணிக்கு முன்பே எல்லா வீடும் பச்சை. ஜனங்கள் பழகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அபிஷாவுக்குப் போன் செய்து பாராட்டவும் செய்தேன்.

அப்படித்தான் அந்தப் புதன்கிழமை வந்தது.

டீ குடித்து, பேப்பர் படித்து முடித்த நேரத்தில் அபிஷாவின் அழைப்பு. "மாமா, அப்பா போன எடுக்க மாட்டேங்காவ. நாலு தடவ அடிச்சாச்சு."

"பச்சை காட்டுதே மக்ளே. தோப்புக்குப் போயிருப்பாரு. கொஞ்சம் கழிச்சு அடிச்சுப் பாரு."

எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்! கையில் பச்சைப் புள்ளி இருக்கிற தைரியம்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவள். "ஒரு எட்டு போய்ப் பாருங்க மாமா. எனக்கு வெப்ராளமா இருக்கு."

போனேன். முன்கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. தோப்புக்குப் போனவர் உள்ளே எப்படித் தாழ் போடுவார்? போன் எங்கோ மிக அருகில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், தெருவைப் பார்த்த ஜன்னலில், கம்பிக்கு உள்ளே, படியில் இருக்கிறது. திரையில் 'மகள்' என்று ஒளிர்கிறது.

"அண்ணாச்சி" என்று கத்தினேன். பதிலில்லை. வீட்டின் பின்பக்கத்திலிருந்து குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

என் சத்தம் கேட்டு மைமூன் அக்கா ஓடி வந்தார். ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி... காலம்பற நாந்தான் அமுக்கினேன்."

"என்னத்த அக்கா?"

"அந்தச் சொகம் பட்டன."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவர் அழுதுகொண்டே சொன்னார். "இன்னொண்ணு பொய்யா அடிச்சா பிள்ளைக்க யோசனைய மூடிருவாவன்னு அண்ணாச்சி சொன்னாரு. அதான் எல்லாருக்க போனையும் ராத்திரியே ஜன்னல்ல வைக்கச் சொன்னோம். சுபுஹு தொழுதுட்டு பால் வாங்கப் போகும்போது நான் கைய விட்டு அமுக்கிட்டுப் போவேன். ஒமக்கு மட்டும் சொல்லல. நீரு பத்திரிகைக்கு எழுதுத ஆளு, எழுதிப் போட்ருவீருன்னு."

தெருவைத் திரும்பிப் பார்த்தேன். வரிசையாக வீடுகள். ஜன்னல் படியில் வரிசையாகப் போன்கள்.

பின்கதவை உடைத்தோம். அண்ணாச்சி விடிகாலையில் விழுந்திருக்கிறார். இரண்டு மூன்று மணி நேரம் ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. நான் குனிந்ததும் என் சட்டையைப் பிடித்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த நிலையில் அவர் கேட்டது இதுதான்.

"தம்பி... அலாரம் அடிச்சா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்பக் கணக்குல வராதுல்லா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா? இரண்டும்தான்.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று மாலையே அபிஷா திருவனந்தபுரத்தில் இறங்கி டாக்ஸி பிடித்து வந்துவிட்டாள். மறுநாள் ஆபரேஷன். பிழைத்துக்கொண்டார். மைமூன் அக்கா வராந்தா பெஞ்சை விட்டு நகரவில்லை. "ஜன்னல் வழியா ஒரு குரல் குடுத்திருந்தாப் போதுமே தம்பி. ஒரே ஒரு குரல்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் இன்னொரு கண்டம் பாக்கி இருந்தது. வெள்ளிக்கிழமை கம்பெனியின் முடிவுக் கூட்டம். அபிஷா லேப்டாப்பில் பேச வேண்டும். யோசனை பொருளாகுமா, குப்பைக்குப் போகுமா என்று அன்று தெரிந்துவிடும். அவள் கையில் இருந்த கணக்கோ பிரமாதம். கடைசி மூன்று வாரம் பொய் அலாரமே இல்லை.

கட்டிலில் படுத்தபடி அண்ணாச்சி சொன்னார். "ஒண்ணும் சொல்லாத மக்கா. நான் வழுக்கி விழுந்ததுக்கும் உனக்க ஆப்புக்கும் என்ன இருக்கு? நல்ல மார்க்குல்லா வந்திருக்கு."

"அது எனக்க மார்க்கு இல்லப்பா. மைமூன் மாமிக்க மார்க்கு."

"யாருக்குத் தெரியப் போகு?"

அபிஷா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத இப்பிடியே விட்டா நாளைக்கு எத்தன வீட்டுக்குப் போவும்? அங்கயும் ஒரு அப்பா தரையில கெடப்பாவ. போன் சொகம்னு சொல்லும். பொய்யாக் கூப்பிட்டா என்ன செய்யன்னு எழுதினேன். பொய்யாச் சும்மா இருந்தா என்ன செய்யன்னு எனக்குத் தோணவே இல்லப்பா."

அண்ணாச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் சுவரைப் பார்த்தே பேசினார். "சரி, போய்ச் சொல்லு. மைமூனுக்க பேரு மட்டும் சொல்லாண்டாம்."

வராந்தாவில் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்தாள். கேமராவில் விழாத தூரத்தில் நான். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். அவள் முதலில் அழகான அந்தக் கணக்கைக் காட்டினாள். அவர்கள் முகத்தில் சிரிப்பு. அடுத்து, "இது எல்லாம் பொய்" என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னாள். மைமூன் அக்கா 'ஒரு பக்கத்து வீட்டுக்காரர்' ஆனார். அப்பாவை மட்டும் மறைக்கவில்லை.

திரையில் யாரும் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார் – அந்த மூன்று வாரத்தையும் ஒழுங்காக எண்ணியிருந்தால் பொய் அலாரம் அளவைத் தாண்டியிருக்கும், எனவே அவள் எழுதிக் கொடுத்த நிபந்தனைப்படியே இதை மூட வேண்டும். அபிஷா தலையாட்டினாள். வாதாடவில்லை. அவள் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அப்போது அதுவரை பேசாமல் இருந்த ஒரு அம்மாள் கேட்டார். "அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்?"

"என்மேல இருக்கிற பாசத்தில்" என்றாள்.

"அப்படியானால் நாம் ஆப்பைச் சோதிக்கவில்லை. உங்கள் தெருவைத்தான் சோதித்திருக்கிறோம்."

தங்களுக்குள் பேசிவிட்டு வருகிறோம் என்று திரையை அணைத்தார்கள். திரும்பி வந்து தீர்ப்பு சொன்னார்கள். மூடவில்லை. இன்னொரு சுற்று சோதனைக்கு அவகாசம். பட்டனை அமுக்கியது அந்த மனிதர்தானா என்று தெரிய வழி கண்டுபிடிக்க வேண்டும். கூடவே ஒரு கண்டிப்பு – இந்தத் தடவை சோதனையில் அபிஷாவைத் தெரிந்தவர் ஒருவர்கூட இருக்கக் கூடாது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பிறக்கிற எல்லா யோசனையும் அதைப் பெற்றவருக்குப் பொன்தான். பெரிய கம்பெனிகளின் சாமர்த்தியம் புதிது புதிதாக யோசிப்பதில் மட்டும் இல்லை போலிருக்கிறது. குஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய், காக்கையைத் தெரியாத ஊரில் இறக்கி விடுகிறார்கள். அங்கே கறுப்பு என்று சொல்வதற்கு யாருக்கும் தயக்கம் இருக்காது. நாங்கள் ஒரு தெருவே காக்கையாக இருந்தோம்.

புதிய சோதனையில் எங்கள் தெரு கிடையாது என்றதும் மைமூன் அக்காவுக்கு மனத்தாங்கல். "அப்ப நம்மள ஒதுக்கிட்டாவளா?" என்று கேட்டார். ஆப்பை எல்லாப் போனிலிருந்தும் எடுத்தாகிவிட்டது. ஜன்னல் படிகள் காலி.

அக்கா மட்டும் நிற்கவில்லை. விடிந்ததும் பால் பாத்திரத்தோடு வருகிறார். ஒவ்வொரு ஜன்னலிலும் தட்டுகிறார். உள்ளேயிருந்து "சொகம்" என்று குரல் கொடுத்தால் ஏற்றுக்கொள்வதில்லை.

"சொகமெல்லாம் பொறவு. மொகத்தக் காட்டும்."

காட்டுகிறேன். பல் தேய்க்காத முகம்தான். ஆனால் அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.