இடப்பக்கக் குழாய்

நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட நானாகச் சேர்க்கவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைத்தே எழுதுகிறேன், சாப்பிட்ட கையோடு படிக்கிறவர்களும் இருப்பீர்கள். யாரோ சொல்லிக் கேட்டது என்றால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஆனால் இது என் வாய்க்குள் நடந்தது. ஏழு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அடுத்தவர் குவளையில் வாய் வைத்து என்னால் குடிக்க முடியாது.

என் பெயர் லவினா. அப்போது கோரோக்கா என்ற மலையூரில் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தேன். கம்பெனிக்கு இருந்தது பத்தொன்பது பேர் உட்காரும் ஒரே விமானம். தினமும் அது கிளம்புவதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டியவற்றில் முக்கியமானது, அதன் மூக்குக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் தடிமன் குழாய்கள். பறக்கும்போது எதிர்க்காற்று அதற்குள் புகுந்து தள்ளும். அந்தத் தள்ளலை வைத்துத்தான் விமானிக்கு முன்னால் வேக முள் நகரும். குழாயில் தண்ணீர் நின்றால் மேலே குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும், முள் பொய் சொல்லும். விமானி அதை நம்பினால் தீர்ந்தது, மலையில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். குழாயின் முனையைச் சூடாக்கக் கம்பி உண்டு. ஆனால் அந்தச் சூடு உள்ளே வளைந்து போகும் பகுதிக்கு எட்டாது.

அதனால் அடியில் உள்ள மூடியைத் திறந்து ஈரத்தை வடிக்க வேண்டும். பிறகு காற்று பாட்டிலை மாட்டி, அளவாகக் காற்றுவிட்டு, முள் சரியாக ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வாயால் மட்டும் ஊதக் கூடாது. வாய்க்காற்று என்றாலே ஈரம்தான், கூடவே எச்சில். முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஆனால் எங்கள் ஆட்கள் ஒருவர் விடாமல் வாயால்தான் ஊதுவார்கள். அதுவும் சாதாரண வாயா? விடிந்ததிலிருந்து பாக்கையும் சுண்ணாம்பையும் அரைத்துக்கொண்டே இருக்கிற வாய். ஊதிவிட்டுப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, “சரியா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

எனக்கு அந்தச் சிவப்பு எச்சிலைக் கண்டாலே குமட்டும். சுவர், வாசல்படி, லாரி டயர், எங்கே பார்த்தாலும் துப்பி வைத்திருப்பார்கள். ஊரில் பாக்கு மெல்லாத பெண் நான் ஒருத்திதான். என்னோடு வேலை பார்த்த கியாகே இதை வைத்தே என்னை வாரிக்கொண்டிருப்பான். “அக்கா வாயில வெறும் பல்லுதான் இருக்கு, அழகே இல்ல” என்பான். போடா நாயே என்று விட்டுவிடுவேன்.

அது ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. காலை 4:20க்கு விமானக் கொட்டகைக்குப் போய்விட்டேன். ஆறு மணிக்கு விமானம் தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்குக் கிளம்ப வேண்டும். அதில் என் தம்பி எஸ்ராவும் போகிறான். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து, முதல் தடவையாக விமானம் ஏறுகிறான். அவனை வழியனுப்ப எங்கள் சனம் மொத்தமும் நாலு மணிக்கே வேலிக்கு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது.

கியாகே வந்தான். வலது கன்னம் வீங்கிப்போய், தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். விமானத்துக்குள் ஏறி, பக்கவாட்டு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வேக முள்ளுக்கு முன்னால் உட்கார்ந்தான். நான் கீழே காற்றுவிட வேண்டும், அவன் அங்கிருந்து எண்ணைச் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம்.

4:31. வலப்பக்கக் குழாய். வடித்தேன், காற்றுவிட்டேன், முள் ஏறியது, இறங்கியது. குறை ஒன்றும் இல்லை.

4:38. இடப்பக்கம். மழை புகாமல் இரவில் குழாய்க்கு மாட்டிவைக்கும் உறையைக் கழற்றினேன். உறையின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. மழை என்று நினைத்துக்கொண்டு அடி மூடியைத் திருகித் திறந்தேன். ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விழுந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.

சிவப்பு.

“கியாகே, கீழ வா.”

“என்னக்கா?”

“நேத்து இதுல வாய் வச்சியா?”

அவன் துண்டைத் தொட்டுக் காட்டினான். “இந்த வாயையா? மூணு நாளா கஞ்சி குடிக்கவே தொறக்க முடியல. பாக்கைப் பாத்தா அழுகையா வருது.”

“அப்ப இது யாரு துப்புனது? வாட்ச்மேனா?”

“அவரு சனிக்கிழமை ஜெபம் பண்ற சபைக்காரரு. பாக்கைக் கையால கூடத் தொட மாட்டாரு. எது நடந்தாலும் நான்தானா உங்களுக்கு?”

சொல்லிவிட்டு முனகிக்கொண்டே மேலே ஏறிப் போய்விட்டான். நான் கையைத் துடைத்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்தக் குளிரில் நேற்றைய எச்சில் என்றால் சில்லென்று இருக்க வேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது. வாயிலிருந்து அப்போதுதான் வந்தது மாதிரி.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் குழாயின் வாயைத் துடைத்தேன். பஞ்சோடு பாக்கு நார் வந்தது. சுண்ணாம்புப் பொடி வந்தது. கூடவே கோழை மாதிரி ஒன்று நூலாக இழுபட்டு வந்தது, அறுக்க அறுக்க அறுபடவில்லை. ஓங்கரித்துக்கொண்டே துடைத்தேன். மூன்று முறை துடைத்த பிறகு பஞ்சு வெள்ளையாக வந்தது. அடி மூடியைப் போட்டு இறுக்கினேன்.

4:52. காற்றுக் குழலைக் கையில் எடுத்தேன். இன்னும் மாட்டவில்லை.

“நாப்பது” என்றான் கியாகே மேலிருந்து.

“என்ன நாப்பது?”

“முள்ளு. நாப்பதுல நிக்குது. அம்பது ஆகுது. மெதுவா விடுங்க.”

“நான் இன்னும் மாட்டவே இல்ல.”

“வாயால ஊதுறீங்களா?”

“இல்லடா.”

காற்று இல்லை, மழையும் விட்டிருந்தது. கொட்டகையின் தகரத்திலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

“இறங்கிடுச்சு… பூஜ்யம். மறுபடி ஏறுது. நாப்பது… அம்பது… இறங்குது. அக்கா, இது மூச்சு விடுற மாதிரி இருக்கு.”

குழாயின் பக்கமாகக் காதைக் கொண்டுபோனேன்.

ஹூ…

பிறகு ஒரு சின்னச் சத்தம். நிறைய எச்சில் ஊறிய வாய் திறந்து மூடுகிற சத்தம்.

5:05க்கு என் போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. மேனேஜர் மர்ரே.

“கையெழுத்து ஆச்சா?”

“இடப்பக்கக் குழாய்ல ஈரம் இருக்கு சார்.”

“ஊதி வெளிய தள்ளு. நேத்தும் லேட்டு. இன்னைக்கும் லேட்டுன்னா நீ நாளைக்கு வர வேண்டாம்.”

வைத்துவிட்டார். காற்று பாட்டிலின் வால்வைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அளவு முள் காலி என்று காட்டியது. வலப்பக்கம் பார்த்தபோது பாதிக்கு மேல் இருந்த பாட்டில். வேறு பாட்டில் நிரப்பலாம் என்றால் ஜெனரேட்டர் ஆறு மணிக்குத்தான் ஓடும்.

வேலிக்கு வெளியே எங்கள் சனம் பாட ஆரம்பித்திருந்தது. எஸ்ராவின் சிரிப்புச் சத்தம் தனியாகக் கேட்டது. கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு வேலை போகும். பார்க்காமலே போட்டால் பத்தொன்பது பேரில் என் தம்பியும் ஒருவன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எதைச் செய்கிறவர்களைக் கண்டு பத்து வருஷமாக முகம் சுளித்தேனோ, அதையே நானும் செய்தேன்.

5:14. குழாயைச் சட்டையால் துடைத்தேன். குனிந்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாயை வைத்தேன்.

இரும்பு மாதிரி இல்லை.

மெத்தென்று இருந்தது.

ஊதினேன். காற்று உள்ளே போகவில்லை. வாயை எடுக்கப் பார்த்தேன். எடுக்க முடியவில்லை. என் உதட்டை ஏதோ பிடித்திருந்தது. பல் இல்லை. ஈறு. பல் போன ஈறு. அது மெல்ல மெல்லச் சப்பியது…

பிறகு ஊதியது.

என் வாய்க்குள்.

வெதுவெதுப்பாக. கொழகொழவென்று. நாரும் சுண்ணாம்பும் எச்சிலும் சேர்ந்து… நாக்கில், அண்ணத்தில், தொண்டையில்… விழுங்கிவிட்டேன். கொஞ்சம் விழுங்கியே விட்டேன்.

எப்படி விடுபட்டேன் என்று தெரியாது. தரையில் மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். டார்ச் உருண்டு கிடந்தது. அந்த வெளிச்சத்தில் நான் எடுத்தது அத்தனையும் சிவப்பு. சுண்ணாம்பு பட்டு நாக்கு வெந்திருந்தது.

கியாகே இறங்கி வந்து நின்றான். என்னைத் தொடவில்லை.

“அக்கா, உங்க பல்லு…”

“நீ என்ன பாத்த?”

“நீங்க ஊதறப்ப முள்ளு அசையவே இல்ல. அப்புறம் நூத்தி இருபதுக்குப் போய் நின்னுக்கிச்சு. நீங்க கீழ விழுந்து கிடக்கீங்க, அது இன்னும் நூத்தி இருபதுலயே இருந்துச்சு.”

நான் கையெழுத்துப் போடவில்லை. 5:40க்கு மர்ரே நேரில் வந்து கத்தினார். நீ போடு என்று கியாகேயிடம் பேனாவை நீட்டினார். அவன் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, “பல்லு புடுங்கப் போறேன் சார்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். விமானம் ஆறு மணிக்குப் போகவில்லை. வேலிக்கு வெளியே பாட்டு நின்றது. எஸ்ரா என்னிடம் வந்து, “உனக்கு நான் போறது பிடிக்கலையா?” என்று கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சிவந்திருந்த என் பல்லைப் பார்த்துவிட்டு அவனே பின்னால் நகர்ந்தான்.

பகல் 11 மணிக்கு வெளியூரிலிருந்து வேறொரு மெக்கானிக்கை வரவழைத்து இடப்பக்கம் முழுவதையும் பிரித்தார்கள். சிவப்பே இல்லை. நாரும் இல்லை. குழாயின் வாய் பளிச்சென்று இருந்தது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் உள்ளே தள்ளி, மூடியைத் திறந்தாலும் வடியாத ஒரு வளைவை அவர் கழற்றியபோது தண்ணீர் கொட்டியது. சுத்தமான மழைத்தண்ணீர், மூன்று தேக்கரண்டி இருக்கும். உறை கிழிந்திருந்ததால் உள்ளே போனது என்றார். அன்றைக்கு மலைக்கு மேல் பதினாறாயிரம் அடியில் மேகம் கட்டியிருந்தது. ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் அந்தத் தண்ணீர் அங்கேதான் உறைந்து குழாயை அடைத்திருக்கும். மர்ரே அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

எஸ்ரா மறுநாள் போனான். ஒரு மாதம் கழித்துப் போனில் பேசினான். குரல் சரியில்லை.

“அக்கா, உங்க கொட்டகையில ஹெனாவோன்னு ஒருத்தர் வேலை பாத்தாரா?”

எனக்குத் தெரியாது. விசாரித்தேன். பார்த்திருக்கிறார், நான் வருவதற்கு ரொம்ப முன்னால், அப்போது அங்கே இருந்த வேறொரு கம்பெனியில். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய விமானம் ஒன்று மேகத்துக்குள் போய்த் திரும்பவில்லை. பதினான்கு பேர். வாயால் ஊதினாயா என்று விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டார். அத்தோடு விட்டுவிட்டார்கள்.

பிறகு அவருக்கு வாயில் புற்று வந்தது. பாக்குதான் காரணம். எஸ்ரா படிக்கிற ஆஸ்பத்திரியில்தான் இரண்டு வருஷம் கிடந்திருக்கிறார். நாக்கை எடுத்துவிட்டார்கள், பல் ஒன்றுகூட மிச்சமில்லை. பேச முடியாது. தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்து, சிலேட்டை வாங்கி ஒரே வரியை எழுதிக் காட்டுவாராம். “நான்தான் ஊதினேன்.”

“ஜூலையில, நான் கிளம்ப வேண்டிய அதே செவ்வாய்க்கிழமை விடிகாலையில செத்துட்டாராம்க்கா. நைட் டியூட்டி நர்ஸ் என்கிட்ட சொன்னாங்க. வேற யார்கிட்டயும் சொல்லிடாதன்னாங்க.”

“என்ன சொன்னாங்க?”

அவன் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். அந்த வார்டில் மின்விசிறி ஓடாது, விடியற்காலையிலும் வேர்த்துக் கொட்டும். கழுவித் துடைப்பதற்காக அவர் வாயைத் திறந்திருக்கிறார்கள். விரல் உள்ளே போகவில்லை. தொண்டை வரைக்கும், உறைந்து அடைத்த குழாய் மாதிரி, பனிக்கட்டி இறுகியிருந்தது. உருகி முடிய மத்தியானம் ஆனதாம்.