கனெக்டர் பூட்டும் சத்தம்

அந்த வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்கள் அவளை வயரக்கா என்பார்கள். அவள் கணவருக்குக் காதுக்காரர் என்று பெயர். இன்ஜின் ஓடும் சத்தத்தை வைத்தே எங்கே நோய் என்று சொல்லிவிடுவார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். இன்ஜின் வேலை அவருடையது, வயரிங் வேலை இவளுடையது. வீட்டுச் சண்டையை ஷெட்டுக்குக் கொண்டுவராத ஜோடி என்று பேர் எடுத்தவர்கள். ஷெட்டுச் சண்டையை வீட்டுக்குக் கொண்டுபோவது யாருக்கும் தெரியாது.

அன்று காலை ஒரு நர்ஸின் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். போன வாரம்தான் இங்கே கிராங்க் சென்சார் மாற்றிக்கொண்டு போன கார். நாற்சந்தியின் நடுவில், பின்னால் லாரி வரும்போது, அப்படியே நின்றுவிட்டதாம். பின்சீட்டில் அவள் மகன். நர்ஸ் கத்தவில்லை. "அடுத்த தடவையும் லாரிக்காரர் பிரேக் போடுவார்னு என்ன நிச்சயம்?" என்று மட்டும் கேட்டாள். வயரக்கா சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஷெட்டுக்குள் வந்ததும் கார் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. டாக்டரைக் கண்டதும் விட்டுவிடுகிற காய்ச்சல் மாதிரி, இந்த வந்து வந்து மறையும் கோளாறுதான் ஆளைக் கொல்லும். காயில், எர்த் வயர், பேட்டரி முனை எல்லாம் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, வயர்க் கட்டை ஒவ்வோர் இடமாக மெல்ல ஆட்டிக்கொண்டே வந்தாள். கிராங்க் சென்சாரில் வயரை மாட்டும் கனெக்டரைத் தொட்டதும் இன்ஜின் பொசுக்கென்று நின்றது. அந்த சென்சார் சொல்லாவிட்டால் எப்போது பொறி விடுவதென்று இன்ஜினுக்குத் தெரியாது.

கனெக்டர் உள்ளே போயிருந்தது, பூட்டவில்லை. விரலால் அழுத்தினாள். டிக். அந்த இடுக்கில் கை போகும், கண் போகாது. அந்தச் சத்தம் கேட்டால்தான் பூட்டிவிட்டதென்று கணக்கு.

முன்பு வாத்தியார் ஒருவரின் காரும் ஒரு டாக்ஸியும் இப்படித் திரும்பி வந்தபோதும் இதே கதைதான். ஆட்டத்தில் கழன்றிருக்கும் என்று இரண்டு தடவையும் பூசி மெழுகியவள் அவளே. மூன்று வண்டியிலும் இன்ஜின் வேலையோடு கனெக்டரையும் மாட்டியவர் அவள் கணவர்.

கனெக்டரைக் கழற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டாள். இரண்டாம் தடவைக்குத்தான் திரும்பினார்.

"இதை நீங்களே மாட்டுங்க."

அவர் கையை விட்டு அழுத்தினார். கையை எடுத்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு."

சத்தம் வரவே இல்லை.

"எப்போலேருந்துங்க?" என்றாள்.

அவர் கையை ரொம்ப நேரம் துடைத்தார். "சின்னச் சத்தமெல்லாம் ஒரு வருஷமா இல்ல. விரல்லயே அழுத்தம் பாத்துக்கலாம்னு நெனச்சேன். நீ பேசறது கேக்குதே."

"நான் பேசறது கேட்டு என்ன பிரயோஜனம்? நீங்க பேச வேண்டியதைப் பேசலையே."

கோபம்தான். கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அவர் காதை நம்பித்தான் வண்டிகள் வருகின்றன. வெளியே சொன்னால் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் இன்னொரு கார் இன்னொரு லாரிக்கு முன்னால் நிற்கும்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா கோளாறு?"

புது சென்சாரே சொத்தை என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"கனெக்டரைச் சரியா பூட்டல. எங்க தப்புதான். அவருக்குக் காது சரியில்ல, எனக்கே இப்பத்தான் தெரியும்."

நர்ஸ் அவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அப்ப அவர் தொட்டதையெல்லாம் நீங்க ஒரு தடவை பாத்துட்டுக் குடுங்கக்கா."

அவருக்கு அவள் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. "என்ன சொல்றாங்க?"

வயரக்கா அவர் பக்கம் திரும்பினாள். "இனிமே நீங்க மாட்டினதை நான் தொட்டுப் பாத்தப்புறம்தான் வண்டி வெளிய போகும்" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். அவர் திரும்பச் சொல்லும்படி கேட்கவில்லை. இன்ஜினை விட்டு விலகி, அவள் நிற்க இடம் விட்டார்.